கண்டெய்னர், கிளவுட், தானியங்கி நிர்வாகம்: சனிக்கிழமைக் கூட்டத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

நாகர்கோவில் வடசேரியில் ஒரு கடையின் மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவது வழக்கம். இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கும் பிள்ளைகள், காலை ரயிலில் திருவனந்தபுரம் டெக்னோபார்க் போய் இரவு திரும்புபவர்கள், வீட்டிலிருந்தே வெளியூர்க் கம்பெனிக்கு வேலை பார்ப்பவர்கள், சொந்தமாகச் சின்ன ஆப் ஒன்றை ஓட்டுபவர்கள். ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. ஒரே பதிலை வாட்ஸ்அப்பில் மறுபடி மறுபடி தட்டி அலுத்துப்போய் இதை எழுதிவைத்தேன். கேள்விகளைக் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். உதாரணமெல்லாம், இணையம் வழியே கணினியை வாடகைக்குத் தரும் அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில் இருந்துதான், நான் தினமும் புழங்குவது அதில் என்பதால். வேறு கிளவுட் என்றால் பெயர்கள் மாறும், சங்கதி மாறாது.

அண்ணே, கண்டெய்னர்னா என்னது? வெர்ச்சுவல் மெஷினுக்கு இன்னொரு பேரா?

இல்லை. வெர்ச்சுவல் மெஷின் என்பது ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கும் இன்னொரு கணினி, அது தனக்கென்று ஒரு முழு இயங்குதளத்தையே சுமந்துகொண்டு வரும். கண்டெய்னர் என்பது ஓர் ஆப்பைத் தனியே அடைத்து ஓட்டும் பெட்டி. அவை ஓடும் கணினியின் லினக்ஸ் கர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) எல்லாமே பங்குபோட்டுக்கொள்ளும். ஒன்றின் கோப்பையும் நெட்வொர்க்கையும் இன்னொன்று பார்க்காதபடி கர்னலே மறைப்புப் போடும். இவ்வளவு மெமரிக்கு மேல் தொடாதே என்று அளவும் வைக்கும். அதனால் கண்டெய்னர் சில நொடிகளில் எழுந்துவிடும்.

கர்னலில் இந்த வசதிகள் முன்பே இருந்தன. 2013-ல் டாக்கர் என்ற கருவி வந்துதான் எல்லோர் கைக்கும் எட்டியது. ஆப், அதற்குத் தேவையான லைப்ரரிகள் எல்லாம் ஒரே இமேஜாகக் கட்டப்பட்டுவிடும். 'எனக்க லேப்டாப்ல ஓடுதே' என்ற பழைய சண்டை பாதியாகக் குறைந்தது அதனால்தான். முழுவதும் ஓயவில்லை.

அப்போ குபர்நெட்டீஸ் எதுக்காக்கும்? டாக்கர் போதாதா?

ஒரே கணினி என்றால் போதும். கணினி பத்தாகும்போது வேறு கேள்விகள் வரும். எந்தக் கண்டெய்னர் எந்தக் கணினியில் ஓட வேண்டும்? ராத்திரி ஒன்று செத்தால் யார் எழுப்புவது? புதுப் பதிப்பைச் சேவை நிற்காமல் எப்படி மாற்றுவது? இவற்றைப் பார்த்துக்கொள்ளக் கூகுள் 2014-ல் வெளியிட்டதுதான் குபர்நெட்டீஸ். அடுத்த வருடம் 1.0 வந்தது. பெயர் கிரேக்கச் சொல், சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். கடலோடும் குளச்சல்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அது செய்வது அடிப்படையில் ஒரே வேலை. 'இந்த ஆப் மூன்று பிரதி ஓட வேண்டும்' என்று நீங்கள் எழுதிக் கொடுக்கிறீர்கள். எழுதியிருப்பது என்ன, நடப்பது என்ன என்று அது ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. இரண்டுதான் ஓடுகிறது என்றால் ஒன்றைக் கூட்டுகிறது, நான்கு ஓடினால் ஒன்றை நிறுத்துகிறது. இந்த ஒப்பிடுதல் மண்டையில் ஏறிவிட்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

குபர்நெட்டீஸ் டாக்கரை எடுத்துட்டுன்னு சொல்லுதாங்களே?

2022-ல் வந்த 1.24 பதிப்பில், குபர்நெட்டீஸை டாக்கரோடு நேரடியாகப் பேச வைத்த உள்பாலத்தை எடுத்தார்கள். டாக்கரில் கட்டிய இமேஜ் இன்றும் அப்படியே ஓடும். நீங்கள் எதையும் மாற்ற வேண்டாம்.

நம்ம ஆபீஸ்லயே ஒரு சர்வர் வச்சா கிளவுட் காசு மிச்சம்தானே?

ஆபீஸுக்குள் மட்டும் புழங்கும் பில்லிங், கோப்புச் சேமிப்பு என்றால் வையுங்கள். பழைய கணினி ஒன்றில் கே3எஸ் என்ற சின்னக் குபர்நெட்டீஸை ஏற்றினால் பழகவும் ஆச்சு, வேலையும் நடக்கும். தினமும் ஒரே அளவு சுமை இருக்கும் வேலைக்குச் சொந்த இயந்திரம் கிளவுடைவிட மலிவாக வருவதும் உண்டு. இதை மறைத்துக் கிளவுட் விற்பவன் நான் இல்லை.

வெளியூர் வாடிக்கையாளருக்கான சேவை என்றால் 2017 நவம்பர் 30-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். ஒக்கிப் புயல் அடித்துப்போன பிறகு குமரி மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. போனுக்குச் சார்ஜ் போட ஜெனரேட்டர் இருக்கும் வீடு தேடி அலைந்தோம். அந்த நேரம் உங்கள் சர்வர் மார்த்தாண்டத்தில் ஒரு மேஜைக்கு அடியில் இருந்தால் சென்னை வாடிக்கையாளருக்கு என்ன பதில் சொல்வது? ஏடபிள்யூஎஸ்ஸுக்கு மும்பையில் 2016 முதலும் ஹைதராபாத்தில் 2022 முதலும் ரீஜியன், அதாவது டேட்டா சென்டர் தொகுதி, இருக்கிறது. ஒவ்வொன்றிலும் மூன்று சோன்கள், அதாவது தனித்தனி டேட்டா சென்டர் பகுதிகள்.

இன்ஃப்ராஸ்ட்ரக்சரைக் கோடா எழுதணும்னு சொல்லுதீங்க. கன்சோல்ல நாலு கிளிக்குல முடியுற வேலைதானே சார்?

கன்சோல் என்ற ஏடபிள்யூஎஸ் இணையப் பக்கத்தில் முதல் தடவை நாலு கிளிக். அதே மாதிரி ஸ்டேஜிங்குக்கு (சோதனைக்கான நகலுக்கு) ஒன்று கட்டும்போது நாலில் ஒன்றை மறப்பீர்கள். ஆறு மாதம் கழித்து 'இந்தப் போர்ட்டை (நெட்வொர்க் வாசலை) யார் திறந்தது, எதுக்கு' என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. டெர்ராஃபார்ம் போன்ற கருவிகளில் நெட்வொர்க், கிளஸ்டர் (குபர்நெட்டீஸ் ஆளும் கணினிக் கூட்டம்), டேட்டாபேஸ் எல்லாவற்றையும் கோப்பில் எழுதி, கோப்பின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட்டில் வைக்கிறோம். யார், எப்போது, ஏன் மாற்றினார் என்பது அங்கேயே கிடக்கும்.

'அதுக்கு ஷெல் ஸ்கிரிப்ட் போதாதா' என்பார்கள். 'ரெண்டு கிலோ வெல்லம் வாங்கு' என்று எழுதிய சிட்டையை ரெண்டு முறை கடைக்குக் கொடுத்தனுப்பினால் நாலு கிலோ வந்து சேரும். கட்டளைகளை அப்படியே வரிசையாக ஓட்டும் ஸ்கிரிப்ட் அந்த ரகம். 'வீட்டில் ரெண்டு கிலோ வெல்லம் இருக்கணும்' என்று எழுதினால், கொண்டுபோகிறவர் முதலில் டப்பாவைத் திறந்து பார்ப்பார், குறைந்ததை மட்டும் வாங்குவார். எத்தனை முறை கொடுத்தாலும் ரெண்டு கிலோதான். டெர்ராஃபார்ம் இந்த ரகம். குபர்நெட்டீஸும் இதே ரகம்தான். ஒரு வித்தியாசம் உண்டு: குபர்நெட்டீஸ் டப்பாவை எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருக்கும், டெர்ராஃபார்ம் நீங்கள் கூப்பிடும்போது மட்டும் பார்க்கும். இதைக் கொஞ்சம் ஞாபகம் வையுங்கள், கீழே தேவைப்படும்.

டெர்ராஃபார்மா, ஓப்பன்டோஃபுவா? எதைப் படிக்க?

ஒன்றைப் படித்தால் மற்றது முக்கால்வாசி வந்துவிடும். 2023 ஆகஸ்டில் டெர்ராஃபார்மின் உரிமத்தை அதன் நிறுவனமான ஹாஷிகார்ப் மாற்றியது. பிடிக்காதவர்கள் பழைய திறந்த மூலக் கோடிலிருந்து பிரிந்துபோய் ஓப்பன்டோஃபு தொடங்கினார்கள். லினக்ஸ் ஃபவுண்டேஷன் அதை ஏற்றுக்கொண்டது, 2024 ஜனவரியில் முதல் நிலையான பதிப்பு வந்தது. உங்கள் கம்பெனி எதை வைத்திருக்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள். இதற்காக டீக்கடையில் சண்டை போட வேண்டாம்.

எங்ககிட்ட ஆள் ரெண்டு பேருதான். எங்க ஆப்புக்குக் குபர்நெட்டீஸ் வேணுமா?

பெரும்பாலும் வேண்டாம். ஏடபிள்யூஎஸ் நடத்தித் தரும் குபர்நெட்டீஸான இகேஎஸ்ஸில் கிளஸ்டரின் மூளைப் பகுதிக்கு மட்டும் மணிக்கு 0.10 டாலர். மாதம் சுமார் 73 டாலர், கண்டெய்னர் ஓடும் கணினியான நோடு ஒன்றுகூட வாங்கும் முன்பே. காசைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு. குபர்நெட்டீஸ் வருடத்துக்கு மூன்று பதிப்பு வெளியிடுகிறது, ஒவ்வொன்றுக்கும் சுமார் 14 மாதம்தான் ஆதரவு. மேம்படுத்தாமல் தள்ளிப்போட்டால் இகேஎஸ் நீட்டிப்புக் கட்டணமாக 0.10-க்குப் பதில் 0.60 வாங்கும். ரெண்டு பேரில் ஒருவர் வருடம் முழுக்க இதையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஏடபிள்யூஎஸ்ஸின் எளிய கண்டெய்னர் சேவையான இசிஎஸ்ஸில் ஃபார்கேட் வைத்துக் கண்டெய்னரைக் கொடுத்துவிடுங்கள், கணினியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதையும் டெர்ராஃபார்மில் எழுதலாம். ஆப் இன்னும் சின்னது என்றால் ஒரே வெர்ச்சுவல் மெஷினில், சில கண்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் டாக்கர் கம்போஸ் போதும். இதைச் சொன்னால் ஒரு முகச்சுளிப்பு வரும்: 'ரெஸ்யூமேல குபர்நெட்டீஸ்னு போட முடியாதே அண்ணே.' ரெஸ்யூமேக்கு, லேப்டாப்பிலேயே ஓடும் குட்டிக் குபர்நெட்டீஸான மினிகியூபோ கைண்டோ போட்டுப் பழகுங்கள். வாடிக்கையாளர் காசில் பழகாதீர்கள்.

பிளான் போட்டா பக்கம் பக்கமா வருது. எல்லாத்தையும் வாசிக்கணுமா?

டெர்ராஃபார்ம் என்ன செய்யப்போகிறது என்று முன்கூட்டியே காட்டும் பட்டியல்தான் பிளான், அதை நிறைவேற்றுவது அப்ளை. பிளானின் கடைசி வரியை முதலில் வாசியுங்கள். எத்தனை புதிது, எத்தனை மாற்றம், எத்தனை அழிப்பு என்று மூன்று எண் இருக்கும். மூன்றாவது எண் பூஜ்யம் இல்லை என்றால் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு மேலே போய், எது அழிகிறது என்று தேடுங்கள். கழித்தலும் கூட்டலும் சேர்ந்த குறி இருக்கும் இடத்தில் 'ஃபோர்சஸ் ரீப்ளேஸ்மென்ட்' என்று சிவப்பில் எழுதியிருக்கும். பழையதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறேன் என்று அர்த்தம்.

எங்கள் கூட்டத்துப் பையன் ஒருவன் நல்ல எண்ணத்தில் ஸ்டேஜிங் டேட்டாபேஸுக்கு என்கிரிப்ஷன் (தரவை மறையெழுத்தாக்குவது) வேண்டும் என்று ஒரே ஒரு வரி மாற்றினான். ஆர்டிஎஸ் என்ற ஏடபிள்யூஎஸ் சேவையில் ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸுக்கு அதை இடத்திலேயே மாற்ற முடியாது. பிளான் ஒழுங்காகத்தான் சொன்னது: 1 புதிது, 0 மாற்றம், 1 அழிப்பு. அவன் பச்சை நிற எழுத்தை மட்டும் பார்த்து 'எஸ்' தட்டினான். ஸ்டேஜிங்தானே என்று, அழிக்கும் முன் எடுக்கும் கடைசி ஸ்நாப்ஷாட் (டேட்டாபேஸின் நகல்) வேண்டாம் என்றும் முன்பே எழுதிவைத்திருந்தோம், அது என் வேலை. ரெண்டு வாரச் சோதனை ஆர்டர்கள் போயின. ஸ்நாப்ஷாட் எடுத்து, அதை என்கிரிப்ஷனோடு நகல் எடுத்து, அந்த நகலிலிருந்து புது டேட்டாபேஸ் எழுப்புவதே சரியான வழி. அன்றிலிருந்து எல்லா டேட்டாபேஸுக்கும் அழிப்பைத் தடுக்கும் டெலீஷன் புரொடெக்ஷனும் டெர்ராஃபார்மின் பிரிவென்ட் டெஸ்ட்ராயும் போட்டிருக்கிறோம். பையன் இப்போது பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறான், பிளானை வாய்விட்டு வாசிப்பானாம்.

ஸ்டேட் கோப்புன்னு ஒண்ணு வருதே, அதைக் கிட்ல போட்டு வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். உங்கள் கோப்பில் எழுதிய 'டேட்டாபேஸ்' என்பது கிளவுடில் உண்மையில் எந்த டேட்டாபேஸ் என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. பாஸ்வேர்டுகளும் வெறும் எழுத்தாகவே அதில் கிடக்க வாய்ப்பு உண்டு. கிட்டில் போட்டால் ரெபோவை (அந்தக் கோப்புத் தொகுப்பை) எடுக்கும் ஒவ்வொருவர் கையிலும் சாவி போகும். தவிர, ரெண்டு பேர் ரெண்டு நகலில் வேலை பார்த்தால் கணக்கு குழம்பும்.

ஏடபிள்யூஎஸ்ஸின் கோப்புக் கிடங்கான எஸ்3-யில் பக்கெட் ஒன்றில் வையுங்கள். பழைய பதிப்புகளைக் காக்கும் வெர்ஷனிங்கை ஆன் செய்யுங்கள். ஒரே நேரத்தில் ரெண்டு பேர் அப்ளை போடாதபடி பூட்டும் வேண்டும். முன்பு அதற்குத் தனியாக, ஏடபிள்யூஎஸ்ஸின் டேட்டாபேஸ் சேவையான டைனமோடிபியில் டேபிள் வைப்போம். டெர்ராஃபார்ம் 1.10-லிருந்து எஸ்3-யிலேயே பூட்டுக் கோப்பு வைக்கலாம்.

அப்ளை ஓடிட்டு இருக்கும்போது கரண்ட் போச்சு. இப்போ லாக் ஆகிக் கெடக்கு. என்ன செய்ய?

இடவப்பாதி மழை தொடங்கினால் இந்தக் கேள்வி வாரம் ஒரு முறை வரும். அவசரப்பட்டுப் பூட்டை உடைக்காதீர்கள். பிழைச் செய்தியிலேயே பூட்டு போட்டவர் யார், எந்த நேரம் என்று இருக்கும். அது நீங்கள் இல்லை என்றால் அந்த ஆளுக்குப் போன் போடுங்கள், அவர் அப்ளை இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். நீங்கள்தான், பழைய ஓட்டம் செத்துவிட்டது என்று உறுதியானால் அந்த அடையாள எண்ணைக் கொடுத்து ஃபோர்ஸ் அன்லாக் போடுங்கள்.

இங்கே ரெண்டு விதம் உண்டு. ரவுட்டர் செத்து லேப்டாப் பேட்டரியில் உயிரோடு இருந்தால், டெர்ராஃபார்ம் எஸ்3-க்கு எழுத முடியாத கணக்கை அதே ஃபோல்டரில் 'எரர்டு' என்று தொடங்கும் ஸ்டேட் கோப்பாகப் போட்டுவைக்கும். குப்பை என்று அழித்துவிடாதீர்கள். நெட் வந்ததும் ஸ்டேட் புஷ் போட்டால் கணக்கு சேர்ந்துவிடும். லேப்டாப்பே அணைந்துபோனால் அதுவும் இருக்காது. பாதியில் உருவான பொருள் கிளவுடில் இருக்கும், கணக்கில் இருக்காது. பிளான் அதை மறுபடி உருவாக்கப் பார்க்கும், 'இந்தப் பெயரில் ஏற்கெனவே இருக்கிறது' என்று பிழை வரும். அதை இம்போர்ட் செய்து கணக்கில் சேர்க்க வேண்டும்.

உண்மையான தீர்வு அப்ளையை லேப்டாப்பிலிருந்து போடாமல் இருப்பது. எழுதிய கோப்பைக் கிட்டுக்கு அனுப்புங்கள், மாற்றம் வந்ததும் தானாக ஓடும் பைப்லைன் பிளான் போட்டுக் காட்டட்டும், இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு அதுவே அப்ளை போடட்டும். மழை நாகர்கோவிலில் பெய்தால் என்ன, அப்ளை வேறு எங்கோ ஓடும்.

ரிக்வெஸ்ட், லிமிட்டுக்கு என்ன நம்பர் போடணும்? நான் எங்கயோ பார்த்த யாம்ல்ல இருந்து அப்படியே எடுத்தேன்.

எல்லோரும் அப்படித்தான் எடுக்கிறார்கள். யாம்ல் என்பது குபர்நெட்டீஸுக்கு நாம் எழுதிக் கொடுக்கும் கோப்பின் வடிவம். ரிக்வெஸ்ட் என்பது ஒரு பாட் (குபர்நெட்டீஸ் ஓட்டும் கண்டெய்னர் பொட்டலம்) எந்த நோடில் உட்காரலாம் என்று பார்க்கும் இட ஒதுக்கீடு. லிமிட் என்பது உச்சவரம்பு. மெமரி லிமிட்டைத் தாண்டினால் கண்டெய்னர் கொல்லப்படும், வெளியேறும் எண் 137 என்று காட்டும். சிபியூ லிமிட்டைத் தாண்டினால் சாகாது, மூச்சுத் திணறி மெதுவாகும். இந்த ரெண்டாவதைக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஏனென்றால் எந்தப் பிழையும் தெரியாது.

ஒரு வாரம் ஓடவிட்டு உண்மையான பயன்பாட்டைப் பாருங்கள், பிறகு எண் போடுங்கள். நான் மெமரிக்கு ரிக்வெஸ்டும் லிமிட்டும் ஒன்றாக வைப்பேன், சிபியூவுக்கு ரிக்வெஸ்ட் மட்டும் வைப்பேன். சிபியூ லிமிட் கட்டாயம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் காரணம் உண்டு.

பாட் செத்துச் செத்து எழும்புது. கிராஷ்லூப்பேக்ஆஃப்னு காட்டுது.

அது நோயின் பெயரில்லை, காத்திருப்பின் பெயர். கண்டெய்னர் விழ விழ 10 நொடி, 20, 40 என்று இடைவெளியை இரட்டிப்பாக்கி 5 நிமிடம் வரை போகும். காரணம் வேண்டும் என்றால் செத்துப்போன முந்தைய கண்டெய்னர் எழுதிவைத்த பதிவுகளைக் கேட்டு வாங்குங்கள். மெமரி என்றால் மேலே சொன்ன 137 இருக்கும். ஆப் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் லைவ்னஸ் சோதனைக்குள் டேட்டாபேஸைத் தொட்டுப் பார்க்கும்படி எழுதியிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். டேட்டாபேஸ் ஒரு நிமிடம் தடுமாறினால் நல்லா இருக்கிற பாட்களையெல்லாம் குபர்நெட்டீஸ் கொன்று தள்ளும். அந்தச் சோதனைக்கு, வேலைக்குத் தயாரா என்று பார்க்கும் ரெடினஸ்தான் இடம்.

எங்களுக்குத் தோவாளைப் பூ ஆர்டர் ஆப். விடியுமுன்ன திடீர்னு கூட்டம் வருது. ஆட்டோஸ்கேலிங் வச்சும் திணறுது, ஏன்?

ஓணத்துக்கு முந்தைய பத்து நாள் இவர்கள் படும் பாட்டைக் கிட்டே இருந்து பார்த்திருக்கிறேன். அத்தம் தொடங்கினால் கேரளத்துக்குப் பூ போகும், எல்லா வியாபாரியும் ஒரே அரைமணி நேரத்தில் ஆப்பைத் திறப்பார்கள். சுமையைப் பார்த்துப் பாட் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கும் எச்பிஏ 15 நொடிக்கு ஒரு முறைதான் அளவைப் பார்க்கும், அந்த அளவும் கொஞ்சம் பழையதாகவே வரும். பாட் வேண்டும் என்று முடிவு செய்தால் நோடில் இடம் இருக்காது. புது நோடு எழும்ப ஒன்றிரண்டு நிமிடம். அதில் இமேஜ் இறங்க வேண்டும், ஆப் சூடாக வேண்டும். இவர்கள் இமேஜ் ஒன்றரை ஜிபி இருந்தது. எல்லாம் கூட்டினால் நாலைந்து நிமிடம், அதற்குள் வியாபாரி வழக்கம்போலப் போன் போட்டு ஆர்டர் சொல்லி முடித்திருப்பார்.

தானாக ஏறுவது எதிர்பாராத கூட்டத்துக்கு. மணி அடித்த மாதிரி வரும் கூட்டத்துக்குக் கடிகாரம் போதும். கேடா என்ற ஆட்டோஸ்கேலிங் கருவியில் நேர அட்டவணை வைத்து, சந்தை சூடுபிடிக்க இருபது நிமிடம் முன்பே பாட்களை ஏற்றிவைத்தோம். இமேஜை 200 எம்பிக்குள் கொண்டுவந்தோம். பிறகு திணறல் இல்லை. இன்னொன்று: எச்பிஏ சிபியூ சதவீதத்தை ரிக்வெஸ்டோடு ஒப்பிட்டுத்தான் கணக்கிடும். ரிக்வெஸ்ட் எழுதாவிட்டால் அதற்குக் கணக்கே போடத் தெரியாது, சும்மா நிற்கும். இவர்களுடைய ரெண்டு சேவையில் ஒன்று அப்படித்தான் மாதக்கணக்கில் நின்றது.

கிட்ஆப்ஸ், கிட்ஆப்ஸ்னு சொல்லுதாங்க. பைப்லைன்ல இருந்தே கியூப்சிடிஎல் அப்ளை போட்டா ஆகாதா?

ஆகும், கியூப்சிடிஎல் என்பது குபர்நெட்டீஸுக்குக் கட்டளை கொடுக்கும் கருவிதான். ஆனால் கிளஸ்டரின் சாவியைப் பைப்லைனிடம் கொடுத்துவைக்க வேண்டும். கிட்ஆப்ஸில் ஆர்கோ சிடி அல்லது ஃப்ளக்ஸ் என்ற கருவி கிளஸ்டருக்கு உள்ளேயே உட்கார்ந்து கிட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். கிட்டில் மாறினால் அது இழுத்துக்கொள்ளும், சாவி வெளியே போக வேண்டியதில்லை. வெல்லம் டப்பாவைப் பார்த்துக்கொண்டே இருக்கும் அதே குணம்தான், இந்த முறை சிட்டை கிட்டில் இருக்கிறது. பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டும் என்றால் கிட்டில் மாற்றத்தைத் திரும்பப் பெறும் ஒரு ரிவர்ட் போதும்.

ராத்திரி அவசரத்துக்குக் கையால ஒரு மாத்தம் செஞ்சேன், காலைல காணோம். யாரு அழிச்சா?

நீங்கள் எழுதிக்கொடுத்த சிட்டைதான். ஆர்கோவில், கையால் மாற்றியதைத் தானாகத் திருப்பும் செல்ஃப் ஹீல் ஆன் என்றால் சில நொடியிலேயே பழையபடி ஆகும். கன்சோலில் செய்த மாற்றம் என்றால், டெர்ராஃபார்ம் கூப்பிட்டால்தான் பார்க்கும் என்று சொன்னேனே, அடுத்த அப்ளை வரை இருக்கும். அது நாளையும் ஆகலாம், மூன்று மாதம் கழித்தும் ஆகலாம். இந்த ரெண்டாவதுதான் ஆபத்து, திறந்துவைத்த போர்ட் மூடும் நாளில் ஏன் திறந்தோம் என்பதே யாருக்கும் நினைவிருக்காது.

நள்ளிரவில் கையால் தொடவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன், வீடு எரியும்போது வரிசையில் நிற்க முடியாது. தொட்டவர் மறுநாள் காலை டீ குடிக்கும் முன் அதே மாற்றத்தைக் கோடில் எழுதி அனுப்ப வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. தினம் ராத்திரி பைப்லைன் ஒரு பிளான் மட்டும் போட்டு, வித்தியாசம் இருந்தால் குரூப்பில் செய்தி போடும்.

எச்பிஏ ஒன்பது பாட் ஆக்குது, ஆர்கோ மூணாக்குது. ரெண்டும் ராத்திரி முழுக்கச் சண்டை. யாரு பக்கம் நியாயம்?

ரெண்டு பக்கமும். ஒரே எண்ணுக்கு ரெண்டு எஜமான் வைத்தது நீங்கள். கிட்டில் ரெப்ளிகா (பிரதி எண்ணிக்கை) 3 என்று எழுதிவிட்டு, அதே எண்ணை மாற்று என்று எச்பிஏவிடமும் சொல்லியிருக்கிறீர்கள். எச்பிஏ வைத்த சேவைக்குக் கிட்டிலிருந்து ரெப்ளிகா வரியையே எடுத்துவிடுங்கள். எடுக்கும் அந்த ஒரு முறை கவனம்: வரி காணாமல்போனதும் இயல்பு மதிப்பான 1-க்கு இறங்கி, எச்பிஏ மறுபடி ஏற்றும் வரை ஒரே பாட் நின்று அடி வாங்கலாம். கூட்டமில்லாத நேரம் பார்த்துச் செய்யுங்கள்.

இதே சண்டை நோடுகளிலும் உண்டு. நோடு குரூப்பின் எண்ணிக்கையை ஆட்டோஸ்கேலர் மாற்றும், டெர்ராஃபார்ம் பழைய எண்ணுக்கு இழுக்கும். அந்த ஒரு புலத்தை, மாற்றத்தைக் கண்டுகொள்ளாதே என்று டெர்ராஃபார்முக்குச் சொல்லும் இக்னோர் சேஞ்சஸில் போட்டால் முடிந்தது.

டெஸ்ட்ராய் போட்டா விபிசி மட்டும் அழியாம இருபது நிமிஷம் சுத்துது. கிளஸ்டர் போன பிறகும் பில் வருது.

ரெண்டும் ஒரே வேர். விபிசி என்பது ஏடபிள்யூஎஸ்ஸுக்குள் உங்களுக்கான தனி நெட்வொர்க். நீங்கள் குபர்நெட்டீஸில், வெளியிலிருந்து வருபவர்களுக்கு வழி சொல்லும் இன்கிரஸ் எழுதினீர்கள், கிளஸ்டருக்குள் இருக்கும் கன்ட்ரோலர் அதைப் பார்த்து ஏடபிள்யூஎஸ்ஸில், வரும் சுமையைப் பங்கிடும் லோட் பேலன்சர் கட்டியது. கட்டியது டெர்ராஃபார்ம் இல்லை, அதனால் ஸ்டேட்டில் இல்லை. டெஸ்ட்ராய் கிளஸ்டரை அழித்துவிட்டது, லோட் பேலன்சரை அழிக்கத் தெரிந்த கன்ட்ரோலரும் கூடவே போய்விட்டது. அனாதையாக நிற்கும் லோட் பேலன்சர் விபிசியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பாட்களுக்கு வாங்கிய டிஸ்க்குகளும் இப்படி மிஞ்சும், அவை விபிசியைத் தடுக்காது, சத்தமில்லாமல் காசு மட்டும் தின்னும்.

முதலில் இன்கிரஸ், சர்வீஸ், டிஸ்க் கோரிக்கைகளைக் கிளஸ்டருக்குள் அழித்து, அவை உண்மையில் போனதைப் பார்த்த பிறகு டெஸ்ட்ராய் போடுங்கள். ஆர்கோ ஓடினால் அதை முதலில் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் நீங்கள் அழிக்க அழிக்க அது கட்டும். விபிசியிலிருந்து இணையத்துக்குப் போகும் வழியான நாட் கேட்வேயும் மணிக்கணக்கில் வாடகை வாங்கும். 2024 பிப்ரவரி முதல் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர். சின்னக் காசுதான், இருபது முகவரி மறந்துகிடந்தால் மாதம் 70 டாலருக்கு மேல். பட்ஜெட் எச்சரிக்கையைக் கணக்குத் தொடங்கிய அன்றே வையுங்கள்.

கிளஸ்டரையும் அதுக்குள்ள ஓடுறதையும் ஒரே டெர்ராஃபார்ம்ல எழுதிட்டா சுளுவா இருக்குமே?

முதல் நாள் சுளுவாக இருக்கும். கிளஸ்டருக்குள் எழுத டெர்ராஃபார்முக்குக் கிளஸ்டரின் முகவரியும் சாவியும் வேண்டும். அதே ஓட்டத்தில் கிளஸ்டரே மாறப்போகிறது என்றால் அந்த முகவரி இன்னும் பிறக்கவில்லை, பிளானே திணறும். மூன்றாகப் பிரியுங்கள்: நெட்வொர்க்கும் டேட்டாபேஸும் ஒரு ஸ்டேட், கிளஸ்டர் ஒரு ஸ்டேட், உள்ளே ஓடுவதைக் கிட்ஆப்ஸ் பார்க்கட்டும். கிளஸ்டரை இடித்துக் கட்டினாலும் டேட்டாபேஸ் பக்கம் யார் கையும் போகாது.

சீக்ரெட்டை யாம்ல்ல பேஸ்64-ல போட்டிருக்கேன், போதும்லா?

போதாது. பேஸ்64 பூட்டு இல்லை, எழுத்தை வேறு வடிவில் எழுதுவது மட்டுமே. யாரும் ஒரு நொடியில் திரும்ப வாசிப்பார்கள். பாஸ்வேர்டு போன்ற சீக்ரெட்டை ஏடபிள்யூஎஸ் சீக்ரெட்ஸ் மேனேஜரில் வைத்து, எக்ஸ்டர்னல் சீக்ரெட்ஸ் ஆபரேட்டர் மூலம் கிளஸ்டருக்குள் கொண்டுவாருங்கள். ஏற்கெனவே கிட்டில் ஏறிய பாஸ்வேர்டை அழித்தால் மட்டும் பயனில்லை, கிட்டின் பழைய பதிவான கமிட்டில் இருக்கும். பாஸ்வேர்டையே மாற்றுங்கள்.

எல்லாத்தையும் தானியங்கி ஆக்கிட்டு, அந்தத் தானியங்கியே தப்பு செஞ்சா? அமேசானே விழுந்துதே?

விழுந்தது. 2025 அக்டோபர் 19, 20-ல் அவர்களுடைய வட வர்ஜீனியா ரீஜியனில் நடந்தது. டைனமோடிபியின் டிஎன்எஸ் (பெயரை முகவரியாக்கும் ஏற்பாடு) பதிவுகளை மாற்றும் தானியங்கியில் ஒரே வேலையைச் செய்யும் ரெண்டு பகுதிகள் ஒன்றோடொன்று மோதின. தாமதமாக வந்த ஒன்று, புதிய திட்டத்தின் மேல் பழையதை எழுதியது. மற்றது, பழைய திட்டங்களைத் துடைக்கிறேன் என்று அதையும் துடைத்தது. அந்த ரீஜியனின் முகவரிப் பதிவு வெற்றானது. தானாகச் சரிசெய்துகொள்ளவும் அதற்கு முடியவில்லை, மனிதர்கள் இறங்கித்தான் சரிசெய்தார்கள். நம் எச்பிஏ-ஆர்கோ சண்டைக்கு மிகப் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மைப் போன்ற சின்ன இடங்களில் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். ஸ்டேஜிங்குக்கும், வாடிக்கையாளர் புழங்கும் புரொடக்ஷனுக்கும் தனித்தனி ஏடபிள்யூஎஸ் கணக்கு, ஒன்றில் ஓடிய தவறு மற்றதைத் தொடாது. புரொடக்ஷன் அப்ளைக்கு ஒரு மனிதர் ஒப்புதல். தானியங்கியை நிறுத்தும் வழி எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் மேஜை இழுப்பறையில் ஒரு தாள் இருக்கிறது: ஆர்கோ கிட்டிலிருந்து தானாக இழுக்கும் ஆட்டோ சிங்க்கை நிறுத்துவது எப்படி, பைப்லைனை முடக்குவது எப்படி, அவசரக் கணக்கில் நுழைவது எப்படி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, குழுவில் புதிதாகச் சேர்ந்தவரிடம் அந்தத் தாளை மட்டும் கொடுத்துச் செய்யச் சொல்வோம். போன முறை செய்த பெண் மூன்றாவது வரியில் நின்றுவிட்டாள். அவசரக் கணக்கின் ஓடிபி, எட்டு மாதம் முன்பு வேலையை விட்டுப்போனவர் போனுக்குப் போய்க்கொண்டிருந்தது.